சேலத்தில் குடித்தனம் நடத்த என்ன சம்பளம் கேட்பது?

கேள்வி: சேலம் ஜங்ஷன் பக்கம் ஒரு நிறுவனத்தில் ஆண்டுக்கு 4.8 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். மனைவி, எல்.கே.ஜி. சேரப்போகும் மகள். வாடகை 9,500, மளிகை, பால், காய்கறி 9,500, பெட்ரோல் 1,500, கரன்ட், காஸ், போன் 3,000. மாதம் 40,000 வந்தால் 16,500 மிஞ்சும். தாராளம்தானே? – ஆத்தூர் வாசகர்

பதில்: அந்த 40,000 முழுசாகக் கைக்கு வராது. ஆண்டுத் தொகை என்று நிறுவனங்கள் சொல்வதில் அவர்கள் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாம் பெரும்பாலும் அடக்கம். அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 2,400, கிராஜுவிட்டி 962, உங்கள் பி.எஃப். பங்கு இன்னொரு 2,400. தொழில்வரியும் போனால் வங்கியில் ஏறுவது சுமார் 34,000. இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) என்று ஏதாவது அதில் சேர்த்திருந்தால் அதையும் கழித்துவிடுங்கள். வருமா என்று தெரியாத பணத்தை நம்பி வீடு பிடிக்கக் கூடாது.

அடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு எதையும் நீங்கள் எழுதவில்லை. பலருக்கும் கணக்கு இடிப்பது இங்கேதான். பள்ளிக் கட்டணம் 36,000, மருத்துவக் காப்பீடு 15,000, வண்டி இன்ஷூரன்ஸும் சர்வீஸும் 6,000, தீபாவளி, ஊர்ப் பயணம் 15,000 என்று வையுங்கள். (பள்ளியில் விசாரித்து உண்மைத் தொகையைப் போடுங்கள்.) மொத்தம் 72,000, மாதத்துக்கு 6,000. ஆக உங்கள் செலவு 29,500. மிஞ்சுவது 4,500தான்.

வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்காவது சேமிப்பாக நிற்க வேண்டும். 29,500ஐ 0.8ஆல் வகுத்தால் 36,875. இது கைக்கு வர வேண்டிய தொகை. 40,000ல் 34,000, அதாவது 85 சதவீதம்தான் கைக்கு வருவதால், அதை 0.85ஆல் வகுத்து 12ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5.2 லட்சம். தயங்காமல் அதைக் கேளுங்கள். வீட்டு அட்வான்ஸ் இதில் சேராது, தனியாகக் கையில் இருக்க வேண்டும்.

வீடு பார்க்கும்போது மேட்டூர் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர்வெல் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் பட்ஜெட் குலையும். கரன்டுக்குத் தனி மீட்டர் அவசியம். வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்தே பிரித்துத் தரும் சப்-மீட்டர் என்றால் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரே ரேட் போடுவார், இலவச யூனிட்டின் பலன் உங்களுக்கு வராமல் போகும்.

கேள்வி: ஏற்காட்டில் குடியிருந்து தினமும் சேலத்துக்கு பைக்கில் வந்து போனால் கட்டுப்படியாகுமா?

பதில்: ஆகாது. போக வர 60 கிலோமீட்டர், 25 நாளுக்கு 1,500. மலை ஏற்றத்தில் லிட்டருக்கு 40 கிடைத்தாலும் 37 லிட்டருக்கு மேல், அதாவது 3,700 ரூபாய்க்குக் குறையாது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் ஷூவும் டயரும் சீக்கிரம் தேயும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் லீவுதான். அந்தப் பணத்தை வாடகையில் சேர்த்தால் கன்னங்குறிச்சி அடிவாரத்திலேயே நல்ல வீடு தேடலாம்.