எண்ணெய் ஊற்றினால் பாலில் கொழுப்பு ஏறுமா?

கேள்வி: என்னுடைய எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினப் பசு கன்று ஈன்று இரண்டு மாதம் ஆகிறது. தினம் 14 லிட்டர் கறக்கிறது. பால் சொசைட்டியில் கொழுப்பு 3.1 சதவீதம்தான் காட்டியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னாரென்று தினமும் அரை லிட்டர் கடலை எண்ணெயைத் தீவனத்தில் கலந்து கொடுத்தேன். பத்து நாளில் 2.6க்கு இறங்கிவிட்டது. சாணமும் இளகலாகப் போகிறது. அரிசித் தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை சேர்த்து 7 கிலோ வைக்கிறேன். பசும்புல் ஒரு கட்டு, வைக்கோல் கொஞ்சம். மாடு இளைத்திருக்கிறது, பருவத்துக்கும் வரவில்லை. எண்ணெயைக் கூட்டலாமா ஐயா?

பதில்: கூட்ட வேண்டாம். இன்றே நிறுத்திவிடுங்கள்.

மாடு தின்கிற எண்ணெய் நேராக மடிக்குப் போவதில்லை. பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதியை மடியே தயாரிக்கிறது. அதற்கு முக்கிய மூலப்பொருள் அசிட்டிக் அமிலம். புல்லிலும் வைக்கோலிலும் உள்ள நாரை, முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும்போது கிடைப்பது அது. நீங்கள் ஊற்றிய எண்ணெய் நாரின்மேல் படிந்து, அந்த நுண்ணுயிர்களையும் முடக்குகிறது. அது மட்டுமல்ல. நார் குறைந்து மாவுத் தீவனம் கூடிய வயிற்றில் எண்ணெய் அரைகுறையாக மாறி, ஒருவகை டிரான்ஸ் கொழுப்பு அமிலம் உண்டாகிறது. ரத்தத்தில் கலந்து மடிக்குப் போகும் அது, அங்கே கொழுப்புத் தயாரிப்பையே அடக்கிவிடும். உங்கள் 2.6க்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

போதாக்குறைக்கு, எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டிலேயே 12 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் உண்டு. பருத்திக்கொட்டையிலும் நிறைய. மாடு உண்ணும் உலர்பொருளில் மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, மாடு ஏன் இளைத்தது? கொழுப்பு அதற்குச் சேமிப்புக் கிடங்கு. ஒரு கிராம் கொழுப்பில், மாவுச்சத்தில் உள்ளதைப் போல இரண்டேகால் மடங்கு சக்தி. ஈன்ற புதிதில் பாலுக்குத் தேவையான அளவு தின்ன முடியாததால், மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பாலாக்குகிறது. அதனால் ஈன்ற சில வாரங்களில் பாலில் கொழுப்பு திடீரென ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். கரைவது அளவு மீறினால் ஈரலில் கொழுப்பு படியும், கீட்டோசிஸ் வரும்; கரைந்த கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தில் மிஞ்சிப்போகும் நோய் அது. தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கொறிப்பதும், மூச்சில் நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடை அடிப்பதும் அதன் அடையாளம். அப்படி இருந்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பருவம் தள்ளிப்போவதும் இதோடு சேர்ந்ததுதான். சினைக்கான ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் கொலஸ்ட்ரால் என்ற கொழுப்புப் பொருளிலிருந்துதான் உருவாகின்றன. வரவைவிடச் செலவு கூடிய உடம்பு சினையை ஒத்திப்போடும்.

இனி செய்ய வேண்டியது: தவிட்டைப் பாதியாகக் குறைத்து, எண்ணெய் எடுத்த தவிடாக மாற்றுங்கள். பருத்திக்கொட்டை ஒரு கிலோவுக்குள் போதும். அடர்தீவனம் மொத்தம் 6 கிலோ, மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். வைக்கோலோ சோளத்தட்டோ 4 கிலோ, பசுந்தீவனம் 20 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். புல்லை ரொம்பப் பொடியாக நறுக்காதீர்கள். அசைபோடும்போது ஊறும் எச்சில்தான் வயிற்றின் புளிப்பைத் தணிக்கிறது. படுத்திருக்கும் மாடு ஒரு கவளத்தை ஐம்பது தடவைக்கு மேல் மென்றால் நார் போதுமென்று வைத்துக்கொள்ளலாம். தற்காலிகமாகத் தினம் 100 கிராம் சமையல் சோடாவும் தீவனத்தில் கலக்கலாம்.

சாணம் கெட்டிப்பட்ட பிறகு பைபாஸ் கொழுப்பு கொடுக்கலாம். கால்சியத்தோடு பிணைத்த கொழுப்பு அது. முதல் வயிற்றில் கரையாமல் தாண்டிப்போய்க் குடலில் செரிக்கும். 50 கிராமில் ஆரம்பித்து, ஒரு வாரத்தில் 150 கிராமுக்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் ஒன்று. கறந்து முடித்தபின் கன்றை விடுகிறீர்களா? முதல் பீச்சில் கொழுப்பு 1, 2 சதவீதம்தான். கடைசிப் பாலில் 6க்கு மேலும் போகும். அந்தக் கெட்டிப் பால் கன்றுக்குப் போய், தண்ணிப் பால் சொசைட்டிக்குப் போகிறது. கன்றின் பங்கை முன்பே குடிக்க விட்டு, மடியை ஒட்டக் கறந்து பாருங்கள். அதன் பலன் மறுநாளே தெரியும். தீவன மாற்றத்தின் பலனுக்கு இரண்டு, மூன்று வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் 3ஐத் தொடவில்லை என்றால் தீவன அளவுகளை மறுபடி எழுதி அனுப்புங்கள்.