காதுக் கருவியில் ‘ஜிர்ர்ர்’ என்று இரைகிறதே, ஆபத்தா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. 2009இல் பக்கத்தில் ஷெல் விழுந்ததிலிருந்து இரண்டு காதும் மந்தம். இப்போது காதுக்குப் பின்னால் கொளுவும் கருவி போட்டிருக்கிறார். பட்டன் போனைக் காதில் வைத்தால் ‘ஜிர்ர்ர்’ என்று இரைகிறதாம். “போன் கதிர் அந்த மெஷினில பட்டு மூளைக்குள்ள இறங்குது, கான்சர் வரும்” என்று அயலில் யாரோ சொல்லிவிட்டார்கள். கனடாவிலிருந்து தம்பி எடுத்தாலும் இப்போது கதைக்கிறார் இல்லை.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அப்பாவைக் கதைக்கச் சொல்லுங்கள். அந்த இரைச்சல் மூளைக்குள் இறங்கும் கதிர் அல்ல.

பழைய 2ஜி போன் அலையை ஒரே சீராக விடாது. வினாடிக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும். அந்தத் துடிப்பைக் கருவியின் உள்வயர்கள் அன்ரனா போல வாங்க, கருவி அதையும் பெருப்பித்துக் காதுக்குள் விடுகிறது. ரேடியோவுக்குப் பக்கத்தில் போன் கிடந்தால், மணி அடிக்க முன்னமே ரேடியோ கறகறக்குமே, அதே சங்கதி.

கான்சர் கதை முழுப் பொய்யென்றும் தள்ள முடியாது, ஒரு வேர் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011இல் இந்த அலைகளை ‘2பி’ வகையில் போட்டது. ‘ஒருவேளை இருக்கலாம், சான்று போதாது’ என்பதுதான் அதன் பொருள். கற்றாழை முழு இலைச் சாறும் பிறகு அதே வகைக்குள் வந்தது. அதைக் குடிப்பதை எங்கள் ஆட்கள் நிறுத்தியதாகத் தெரியவில்லை! அந்த நிறுவனம் செய்வித்து 2024இல் வெளியான பெரிய மீளாய்வில் போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. எக்ஸ்ரே போல மரபணுவை உடைக்கும் சக்தி இந்த அலைக்கு இல்லை. தலையில் படும் அளவுக்கும் வரம்புண்டு: சர்வதேச வழிகாட்டலில் ஒரு கிலோ உடற்திசுவுக்கு 2 வாற்று.

இனி இரைச்சலுக்கு வருவோம். அப்பா போனைக் காது ஓட்டையில்தானே வைக்கிறார்? அவருடைய கருவியின் மைக் இருப்பது காதுக்குப் பின்னால், மேலே. கிளினிக்கில் நான் முதலில் செய்வதே போனை ஓர் அங்குலம் மேலே தூக்கிச் சற்றுச் சரித்துப் பிடிக்க வைப்பதுதான். சிலருக்கு அதோடு குரலும் தெளியும், இரைச்சலும் குறையும். அடுத்தது சிக்னல். தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடு மட்டும் காட்டினால், ரவரைப் பிடிக்கப் போன் கூடுதல் சக்தியோடு அனுப்பும், இரைச்சலும் கூடும். முற்றத்து வேம்புக்குக் கீழே போய் நின்று கதைக்கட்டும். உடம்பில் படும் அலையும் அங்கே குறைவு.

ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தால் இரண்டு கவலையும் ஒன்றாகத் தீரும். வட்ஸ்அப் வீடியோ அதைவிட நல்லது. தம்பியின் வாயசைவைப் பார்த்தே பாதி விளங்கும்.

புதுப் போன் வாங்குவதென்றால் 4ஜி அழைப்பு உள்ளதாகப் பாருங்கள். விபரத்தில் காதுக் கருவிக்கான தரமாக எம்3, எம்4 என்றிருந்தால், கருவியின் மைக் வழியாகக் கேட்க நல்லது. ரி3, ரி4 என்றிருந்தால் கருவியின் ‘ரி’ நிலைக்கு, அதாவது மைக்குக்குப் பதிலாகப் போனின் காந்தப் புலத்தை வாங்கிக் கேட்கும் நிலைக்கு. எதற்கும் அப்பாவைக் கருவியோடு கடைக்குக் கூட்டிப்போய், ஒரு கோல் எடுத்துக் கதைத்துப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

ஒரு சோதனை. கருவியைக் கழற்றிவிட்டுச் சும்மா இருக்கும்போதும் இரைகிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் அது போன் இரைச்சல் அல்ல; வெடிச்சத்தம் பட்ட காதுகளில் வரும் காதிரைச்சல். ஈஎன்ரி (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்கில் காட்டுங்கள். கேட்கும் திறன் திடீரென்று விழுந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே போக வேண்டும்.