பழைய ட்ரில்லிங் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஜேர்மனிக்கு வந்து நாலு வருடம். இந்த வசந்தத்தில் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணி யாக்ட்ஷைன் என்கிற வேட்டை அனுமதிப் பத்திரமும் கையில் வந்துவிட்டது. பக்கத்து ஊர் வயதான வேட்டைக்காரர் ஒருவர் தன்னுடைய ட்ரில்லிங்கை, அதாவது மூன்று குழல் வேட்டைத் துவக்கை, 600 யூரோவுக்குத் தருகிறேன் என்கிறார். சூல் நகரத்தில் 1930களில் செய்தது, சிறுகுண்டுக் குழல்கள் 16 போர் அளவு, ரைபிள் குழல் 8×57 தோட்டாவுக்கு, மேலே பழைய தொலைநோக்கி. அதை வாங்கவா, இல்லை புதிய போல்ட் ரைபிளுக்குக் காசு சேர்க்கவா என்று கேட்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் இந்த மாதம் வாங்க வேண்டாம், இரவல் கேளுங்கள். யாக்ட்ஷைன் உள்ள ஒருவருக்கு நீண்ட துவக்கை ஒரு மாதம் வரைக்கும் இரவல் கொடுக்க இங்கே சட்டம் இடம் தருகிறது. பெயர், துவக்கின் இலக்கம், திகதி போட்டு ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்தில் அந்தத் துவக்கைப் படித்துவிடலாம். படிக்காமல் வாங்குகிறவர்கள்தான் பிறகு கவலைப்படுகிறார்கள். நானும் அப்படி வாங்கியவன்தான்.

என்னுடைய தாத்தாவிடம் வன்னியில் ஓர் இடியன் இருந்தது. வாய்ப்பக்கமாக மருந்தைப் போட்டு, தும்பு வைத்து இடித்து, ஒரேயொரு வெடி வைப்பார். ஒரு குழல், ஒரு வெடி. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு முதல்முறை ட்ரில்லிங்கைக் கையில் வாங்கியபோது இது ஒரு துவக்கா, மூன்று துவக்கா என்று தோன்றியது. உண்மையில் மூன்றுதான். மேலே பக்கத்துப் பக்கமாக, ஒரே வெடியில் பல சிறு மணிகளைச் சிதறவிடும் இரண்டு சிறுகுண்டுக் குழல்கள், அவற்றுக்கு நடுவே கீழே ஒற்றை ரவை சுடும் ஒரு ரைபிள் குழல். பரணில் ஏறி உட்கார்ந்தால் வருவது நரியா, ரே என்கிற சின்ன மானா, காட்டுப்பன்றியா என்று முன்கூட்டியே தெரியாது. எது வந்தாலும் அதற்கு உரிய வெடி கையில் இருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது இது. மானுக்கும் பன்றிக்கும் சிறுகுண்டு இங்கே சட்டப்படி கூடாது. ரே மானுக்கு 100 மீற்றரில் குறைந்தது 1000 ஜூல், பன்றிக்கும் பெரிய மான்களுக்கும் குறைந்தது 6.5 மிமீ ரவையும் 2000 ஜூலும் வேண்டும். பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானப்படை சவர் அண்ட் சோன் கம்பனியின் எம்30 ட்ரில்லிங்கைத் தன் விமானிகளுக்குக் கொடுத்தது. ஆபிரிக்காவில் விமானம் விழுந்தால் பிழைத்து வருவதற்கு. ஒரே துவக்கில் எல்லாம் வேண்டும் என்ற எண்ணம் இந்த மக்களிடம் எவ்வளவு ஊறியது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, உங்களுடையதற்கு வருவோம். 8×57 என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள் எங்கே? விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஐஆர் (IR) என்று இருந்தால் ரவையின் விட்டம் 0.318 அங்குலம். ஐஆர்எஸ் (IRS) என்று இருந்தால் 0.323. ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். ஐஆர்எஸ் தோட்டாவின் அழுத்தமும் கூட. பழைய ஒடுங்கிய குழலுக்குள் அந்தத் தடித்த ரவையைச் சுட்டால் துவக்கு உடையலாம், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். பல துவக்குகளில் பிழையான தோட்டாவும் உள்ளே வடிவாகப் போய் உட்கார்ந்துவிடும் என்பதுதான் ஆபத்து. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ஐஆர்எஸ். 1930களின் துவக்கு எதுவாகவும் இருக்கலாம். விற்கிற பெரியவர் நாற்பது வருடம் சுட்டிருக்கிறார் என்பது நல்ல செய்தி. ஆனால் அவர் சுட்ட தோட்டாப் பெட்டியைப் பார்க்காமல் அந்தச் செய்தியை நம்ப வேண்டாம்.

எப்படிப் பார்ப்பது? வெறுந் துவக்கு என்று மூன்று குழலையும் பார்த்து உறுதி செய்த பிறகு முன்பிடியைக் கழற்றுங்கள். குழல்களைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தலைகீழாகப் பிடியுங்கள். பூட்டுக்கு அருகே, குழல்களின் அடிப்புறத்தில், சிறு சிறு முத்திரைகள் வரிசையாக இருக்கும். பழைய எண்ணெய் அப்பியிருந்தால் துணியால் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். என்னுடையதில் 6 36 என்று ஒன்று இருந்தது. 1936ஆம் ஆண்டு ஆனி மாதம் அரசுச் சோதனைச் சாலையில் வெடித்துப் பார்த்த துவக்கு என்று அர்த்தம். புகையில்லா மருந்துக்குச் சோதித்ததா என்பதையும் தேடுங்கள். நைட்ரோ என்று முழுச் சொல்லாக இருக்கலாம், அல்லது ஒரு கிரீடத்தின் கீழே N என்ற ஓர் எழுத்தாக இருக்கலாம். போருக்கு முந்திய துவக்குகளில் தோட்டாவின் முழுப் பெயர் பொறித்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படியென்றால் ப்யுக்ஸன்மாகரிடம், அதாவது துவக்குத் திருத்தும் கைவினைஞரிடம், கொண்டுபோங்கள். அவர் தோட்டா உட்காரும் அறையை அச்சு வார்த்து, குழலை அளந்து சொல்வார். அந்தச் செலவு உங்கள் கண்ணுக்கும் கைக்கும் கொடுக்கிற விலை, பேரம் பேச வேண்டாம்.

அவரிடம் போகும்போதே 16 போர் அறைகளையும் அளக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துத் துவக்குகள் பலவற்றில் அறை 65 மிமீ. இன்றைய 70 மிமீ தோட்டா உள்ளே போகும், ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உருக்குச் சிறுகுண்டும் இந்த வயதுக் குழல்களில் போட வேண்டாம். ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீற்றருக்குள்ளும் ஈயச் சிறுகுண்டுக்கு 2023 மாசி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. ஆகவே குளக்கரைத் தாராவுக்கு இந்தத் துவக்கோடு போனால் பிஸ்மத் தோட்டாதான் வழி, அது விலை. ரைபிள் பக்கத்திலும் பல மாநிலங்களில் ஈயமில்லாத ரவைதான் அனுமதி. உங்கள் குழலுக்கு அது ஒத்துவருகிறதா என்பதைச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று, காதால் செய்கிற சோதனை. கழற்றிய குழல்களை அடிக் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மரத்துண்டால் மெதுவாகத் தட்டுங்கள். கோயில் மணிபோல நீளமாக ஒலித்தால் குழல்களை ஒட்டியிருக்கும் பற்றாசு நன்றாக இருக்கிறது. தகரத்தைத் தட்டினதுபோல அடங்கிப்போனாலோ கரகரத்தாலோ எங்கேயோ பற்று விட்டிருக்கிறது. நான் முதலில் வாங்கியது கரகரத்தது. மூலையில் மான் தலையும் ஓக் இலையும் செதுக்கியிருந்த வேலைப்பாட்டில் மயங்கி, தட்டிப் பார்க்கவே இல்லை. மறுபடி பற்றுவைக்கக் கேட்ட காசு துவக்கின் விலையைவிடக் கூட.

பற்றாசு நல்லதாக இருந்தாலும் அதற்கொரு குணம் இருக்கிறது. கீழ்க் குழல் சூடாகி நீளும்போது மற்ற இரண்டும் குளிர்ந்தே இருக்கும், முழுக் கட்டும் மேல்நோக்கி வளையும். அடுத்தடுத்துச் சுட்டால் குறி ஏறிக்கொண்டே போகும். சூட்டுத்திடலில் முதல் வெடி நடுவில், இரண்டாவது கொஞ்சம் மேலே, மூன்றாவது இன்னும் மேலே. தொலைநோக்கியில் பிழை என்று திருகத் தொடங்காதீர்கள். ஒரு வெடி, பிறகு குழல் கைக்குக் குளிரும்வரை தேத்தண்ணி குடியுங்கள். காட்டில் நீங்கள் சுடப்போவது குளிர்ந்த குழலின் முதல் வெடியைத்தான். அது எங்கே விழுகிறது என்பது மட்டும்தான் முக்கியம்.

விசையைப் பற்றியும் எழுத வேண்டும், இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உங்களுடையதிலும் அநேகமாகப் பிடியின் மேலே ஒரு தள்ளுகட்டை இருக்கும். அது பின்னால் இருந்தால், இரண்டு விசைகளில் முன்விசை வலது சிறுகுண்டுக் குழலுக்கு. முன்னால் தள்ளினால் அதே விசை ரைபிளுக்கு. ஒரு கார்த்திகை மாதம், நிலவு இரவு. நரியைக் கண்டு கட்டையைப் பின்னுக்கு இழுத்தேன், நரி போய்விட்டது. ஒரு மணித்தியாலம் கழித்துச் அறுத்த சோள வயலோரம் பன்றி வந்தது. கட்டை பின்னால் இருப்பதை மறந்து முன்விசையை இழுத்தேன். தோளில் அடித்த அடியிலேயே விளங்கிவிட்டது, போனது சிறுகுண்டு. உடனே வேட்டை எல்லைக்குப் பொறுப்பானவருக்குப் போன் பண்ணினேன். விடியப் பழக்கின மோப்ப நாயோடு ஒருவர் வந்தார். கொஞ்சம் மயிர், இரண்டு துளி இரத்தம், பிறகு ஒன்றுமில்லை. அந்த மிருகம் எங்கே போய் எப்படிக் கிடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் பரணில் தோட்டா போட்ட உடனேயே கட்டையை முன்னால் தள்ளிவிடுவேன், இறங்கும்வரை தொடுவதில்லை. முன்விசை ரைபிள். நரி வந்தால் பின்விசை, அது எந்த நிலையிலும் இடது சிறுகுண்டுக் குழலுக்குத்தான். வலது குழல் வெறுமையாகவே இருக்கும். உங்களுக்கும் இதையே பழகச் சொல்வேன். வீட்டில் பொய்த் தோட்டா போட்டு, கண்ணை மூடிப் பெருவிரலால் கட்டையைத் தடவிப் பார்த்துப் பழகுங்கள்.

தொலைநோக்கி பழைய கொக்கி மாட்டலில் இருக்கும் என்று நினைக்கிறேன். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி மூன்று முறை சுடுங்கள், குறி மாறக்கூடாது. மாட்டலைப் புதிதாகச் செய்வது அரம் வைத்து இராவுகிற கைவேலை, 600 யூரோவைத் தாண்டலாம்.

கடுதாசி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாக்ட்ஷைனைக் காட்டினால் நீண்ட துவக்கு வாங்க முன் அனுமதி தேவையில்லை. வாங்கி இரண்டு கிழமைக்குள் துவக்கு உடைமை அட்டையில் பதிய வேண்டும், விற்றவரும் அறிவிக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு நாலு வருடம் என்றதால் சொல்கிறேன்: இங்கே ஐந்து வருடம் தொடர்ந்து வசிக்காதவருக்குத் துவக்கு அனுமதியை மறுக்கும் அதிகாரம் அலுவலகத்துக்கு உண்டு. மறுத்தே தீருவார்கள் என்றில்லை. காசு கொடுப்பதற்கு முன்பு நேரில் போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரவலுக்கும் இரும்புப் பெட்டி வேண்டும், பாதுகாப்புத் தரம் குறைந்தது 0. திறப்பு வேண்டாம், இலக்கப் பூட்டாக எடுங்கள். திறப்பை எங்கே ஒளிப்பது என்ற பிரச்சினையே வராது.

மனைவிக்கு விருப்பமில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆட்களுக்குத் துவக்கு என்றால் வேறு ஞாபகம். என்னுடைய மனைவியும் ஒரு வருடம் அந்தப் பெட்டி இருந்த அறைக்குள் வரவில்லை. நான் அவளை அவசரப்படுத்தவில்லை. பெட்டியை நிலவறைக்கு மாற்றினேன், இலக்கத்தை அவளுக்குச் சொல்லவில்லை, சட்டமும் அப்படித்தான். முதல் ரே மான் இறைச்சியை மிளகு போட்டு அவள் கறி வைத்த நாள் வரைக்கும் அந்தப் பேச்சை நான் எடுக்கவேயில்லை.

பெரியவர் இரவல் தரச் சம்மதித்தால், குழலின் அடியில் உள்ள முத்திரைகளை ஒன்றும் விடாமல் அப்படியே எழுதி அனுப்புங்கள். ரைபிள் குழலின் எழுத்துகளை முதலில்.