இதயத்துக்குப் புதுக் கலம், அதற்குக் கரண்ட்: வாசகர் கேள்விகள்

மாரடைப்புக்குப் பிறகு இதயத்தில் புதிய கலங்களை, அதாவது உயிரணுக்களை, வைப்பது பற்றிப் போன முறை நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. செத்துப்போன தசைக்குப் பதிலாக வேறு கலங்களை வைத்து மின்சாரத்தால் இயக்கலாம் என்கிறார்களே, உண்மையா? (சாவகச்சேரி வாசகி)

எண்ணம் உண்மை. சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

பெரிய மாரடைப்பு ஒன்றில் நூறு கோடி அளவுக்கு இதயத்தசைக் கலங்கள் செத்துப்போகலாம். 25 வயதிலேயே இந்தக் கலங்களில் வருடத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான் புதுப்பிக்கப்படுகிறது. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. ஆகவே செத்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். தழும்பு சுருங்கி விரியாது.

2000 ஜூனில் பாரிஸில் பிலிப் மெனாஷே என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நோயாளியின் தொடையிலிருந்தே தசைக் கலங்களை எடுத்து, வளர்த்து, தழும்புக்குள் ஊசியால் ஏற்றினார். கலங்கள் பிழைத்தன. ஆனால் இதயத்தோடு சேர்ந்து துடிக்கவில்லை. இதயக் கலம் ஒவ்வொன்றும் பக்கத்துக் கலத்தோடு நுண்ணிய வழிகளால் இணைந்திருக்கும். துடிப்பின் மின் அலை அவற்றினூடாகத்தான் போகும். தொடைக் கலம் முதிர்ந்து நாரானதும் அப்படிப்பட்ட இணைப்பை வைத்துக்கொள்வதில்லை. கோயில் திருவிழாவில் நாலு தவில் சேர்ந்து முழங்கும்போது, காது கேளாத ஐந்தாவது தவில்காரர் ஒருவரையும் கூட்டி வந்து இருத்தின மாதிரி. கைப்பலம் இருக்கிறது, தாளம்தான் வந்து சேரவில்லை.

2008இல் வெளியான ஆய்வில் 97 பேரைச் சேர்த்து, சிலருக்குக் கலமும் சிலருக்கு வெறும் திரவமும் ஏற்றிப் பார்த்தார்கள். இதயத்தின் இயக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வுக்கு அவர்கள் வைத்த பெயர் மேஜிக்!

காது கேட்காதவருக்குத் தோளில் தட்டித் தாளம் சொல்லலாம் அல்லவா? வெளியிலிருந்து மின்வாய் வைத்துத் தூண்டும் யோசனை அங்கிருந்துதான் வந்தது.

கலத்துக்கு என்று கொடுக்கிற கரண்ட் இதயத்தையே குழப்பாதா? (ஓய்வுபெற்ற பொறியியலாளர், இணுவில்)

உங்களிடமிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் அதிசயம்.

நான் படிப்பித்த காலத்தில் தவளையின் கால் தசையை வைத்துக் காட்டுவோம். கரி பூசிய தாளைச் சுற்றிய உருளை மெல்லச் சுழலும், ஊசி அதில் கீறும். ஒரு தடவை தூண்டினால் ஒரு சின்னத் துடிப்பு, கோட்டில் ஒரு மேடு. அடுத்தடுத்து வேகமாகத் தூண்டினால் மேடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தசை இறுகிப் பிடித்துக்கொண்டு நிற்கும். தவளையின் இதயத்தில் அதையே செய்தால் அப்படிப் பிடிக்காது. ஒரு துடிப்பு முடியுமட்டும் அது அடுத்த தூண்டலைக் கவனிக்கவே மாட்டாது. மனித இதயத்தில் அந்தச் செவிட்டு நேரம் ஏறக்குறைய கால் செக்கன். கால், கைத் தசைகளில் சில மில்லிசெக்கன்தான்.

வழி அந்தக் கால் செக்கனுக்குள் இருக்கிறது. கருவி ஈ.சி.ஜி.யைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதயம் துடிக்கத் தொடங்கியதும் ஒரு கொத்துத் தூண்டலை அனுப்பும். தொடைக் கலம் அதைக் கேட்டு இறுகும், இதயம் கேளாது.

இது புதிய தந்திரமும் அல்ல. 1985இல் அதே பாரிஸில் கார்ப்பென்டியே, ஷாஷ்க் இருவரும் ஒரு நோயாளியின் முதுகுத் தசையையே இதயத்தைச் சுற்றிப் போர்த்தி இப்படித் தூண்டினார்கள். வாளியால் தண்ணி அள்ளுகிற கை களைக்கிறதுபோல அந்தத் தசையும் களைக்கும் என்பதால், வாரக்கணக்கில் மெல்லிய தூண்டல் கொடுத்துப் பழக்கவேண்டியிருந்தது. நோயாளிகள் பலர் சுகமாக இருக்கிறது என்றார்கள். அளந்து பார்த்தால் முன்னேற்றம் கொஞ்சம்தான். பிறகு கைவிட்டுவிட்டார்கள். ஷாஷ்க் குழு செம்மறி ஆடுகளில் கலத்தையும் மின் தூண்டலையும் சேர்த்துப் பார்த்தது. என் கணிப்பைக் கேட்டால், தொடைக் கலத்தின் காலம் முடிந்துவிட்டது.

தோலிலிருந்தே இதயக் கலம் செய்யலாம் என்றால் பிறகு எதற்கு மின் தூண்டல்? (உயர்தர உயிரியல் மாணவி, பருத்தித்துறை)

செய்யலாம், தங்கச்சி. தோல் கலத்தை, எந்தக் கலமாகவும் மாறக்கூடிய மூலக் கலமாக (ஸ்டெம் செல்) திருப்பலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா 2006இல் எலிக் கலத்திலும் 2007இல் மனிதக் கலத்திலும் காட்டினார். 2012இல் நோபல் கிடைத்தது. அதிலிருந்து செய்த இதயக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, தன்தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். இரண்டு தொட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் ஒரே தாளத்துக்கு வந்துவிடும்.

குறை என்னவென்றால் இவை குழந்தைக் கலங்கள். 2014இல் சியாட்டிலில் குரங்குகளின் இதயத்தில் இப்படிப்பட்ட நூறு கோடி கலம் வைத்தார்கள் (அவை தோலிலிருந்து அல்ல, மனித முளைய ஸ்டெம் செல்லிலிருந்து செய்தவை). இதயத்தோடு இணைந்தன. ஆனால் துடிப்பில் ஒழுங்கீனம் வந்தது. இந்தத் தவில்காரருக்குக் காது கேட்கும். ஆனால் தானாகவும் ஒரு தாளம் போடுவார்.

இங்கே மின்சாரம் வாத்தியார் வேலை பார்க்கிறது. 2018இல் நியூயோர்க்கில் ஆய்வுகூடத்தில் வளர்த்த இதய இழையத்துக்குச் செக்கனுக்கு 2 தடவையில் தொடங்கி 6 தடவைவரை படிப்படியாகக் கூட்டித் தூண்டினார்கள். சில வாரத்தில் அது முதிர்ந்த தசையின் குணங்களைக் காட்டியது. அதாவது, பயிற்சி முதலில், கச்சேரி பிறகு.

“செல்” என்று எழுதினால் என்ன? கலம் என்றால் சோற்றுப் பாத்திரம் போல இருக்கிறது. (சென்னை வாசகர்)

எங்கள் பள்ளிப் புத்தகத்தில் கலம்தான், ஐயா. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்துகொண்டு அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர் இது. அந்தப் பிடிவாதம் எங்களிடம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டு நிலையம் ஒன்று ஸ்டெம் செல் ஊசி போட்டு இதயத்தைச் சரியாக்குவதாகச் சொல்லிப் பல லட்சம் கேட்கிறது. கனடாவில் உள்ள அண்ணா காசு அனுப்பத் தயார். போகலாமா? (கோண்டாவில்)

போகவேண்டாம். ஒழுங்கான ஆய்வு, சோதிக்கிற ஊசிக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் விலை பேசாது. நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கேளுங்கள். துடிப்பு குழம்பினால் யார் பார்ப்பது என்றும் கேளுங்கள். மறுமொழி மழுப்பலாகத்தான் வரும். அண்ணாவின் காசில் ஒரு நல்ல தராசு வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்ததும் நிறை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது. கிளினிக் நாள் வருமட்டும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாமாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. கேட்கக்கூடாதுதான், தகனத்துக்கு முன் அதைக் கழற்ற வேண்டுமா? (பெயர் வேண்டாம்)

கேட்டது நல்லது. கட்டாயம் கழற்றவேண்டும். உள்ளே இருப்பது லித்தியம் பற்றரி, சிதையில் வெடிக்கும். ஆஸ்பத்திரியில் காலமானால் விடுதியிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் என்றால் டொக்டரைக் கூப்பிடுங்கள். தோலுக்குக் கீழேதான் இருக்கிறது, சிறு வெட்டு போதும். புதைப்பதானால் தேவையில்லை. ஆனால் இருப்பது ஷொக் கொடுக்கிற ஐ.சி.டி. வகையாக இருந்தால் முதலில் அதை நிறுத்தவேண்டும். நிறுத்தாமல் வயரை வெட்டினால் வெட்டுகிறவருக்கே அடித்துவிடும்.