பழங்காசுகளை அடையாளம் காண: கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் சில செப்புக்காசுகள் இருந்தன. பச்சை ஏறி எழுத்தே தெரியவில்லை. எலுமிச்சை தேய்த்துக் கழுவலாமா ஐயா?

பதில்: வேண்டவே வேண்டாம். கெட்டியாகப் படிந்த பச்சையோ பழுப்போ காசுக்குக் கவசம். பல காசுகளில் எழுத்தின் விளிம்பு நிற்பதே அந்தப் படலத்தில்தான். அமிலம் பட்டால் படலத்தோடு அரசன் பெயரும் கரைந்துவிடும், திரும்ப வராது. மண் மட்டும் போக வேண்டுமானால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றுங்கள். இளகிய மண்ணை மரக்குச்சியால் மெல்லத் தள்ளலாம். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் கவனம்: அது குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிப்பது. 'வெண்கல நோய்' என்பார்கள். அந்தக் காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு ஈரமில்லாமல் வையுங்கள்.

கேள்வி: எழுத்து தேய்ந்த காசை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தராசிலிருந்து. எடையை இரண்டு தசமம் வரை குறியுங்கள், அப்புறம் விட்டம், உலோகம். உருவத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லத் துடிப்பதுதான் ஆபத்து. எடை அந்த அவசரத்தை அடக்கும். உதாரணத்துக்கு, டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு ஏறத்தாழ 3.9 கிராம் இருந்தது. கி.பி. 64 வாக்கில் பேரரசர் நீரோ அதைச் சுமார் 3.4 கிராமாகக் குறைத்து, வெள்ளியின் தூய்மையையும் தாழ்த்தினார். தேய்மானத்துக்கும் இடம் விட்டுத்தான் கணக்கிட வேண்டும்.

கேள்வி: ஒரு பக்கம் நிற்கும் மனிதர், மறுபக்கம் உட்கார்ந்தவர். ராஜராஜன் காசுதானே?

பதில்: இருக்கலாம், ஆனால் உருவத்தை மட்டும் நம்பாதீர்கள். உட்கார்ந்தவருக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருந்தால் சரி. இதே அமைப்பைப் பின்னால் இலங்கை அரசர்களும் எடுத்துக்கொண்டார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி எல்லாருடைய காசிலும் இதே நிற்பவர், இதே உட்கார்ந்தவர்; மாறுவது பெயர்தான். பக்கவாட்டில் ஒளி விழும்படி காசைச் சாய்த்துப் பாருங்கள், மங்கிய கோடுகள் எழும்பித் தெரியும்.

கேள்வி: முத்திரை ஓரமாக விழுந்து பாதி உருவம் இல்லை. போலியா?

பதில்: இல்லை. கையால் சுத்தியலடித்த காலத்தில் அது சாதாரணம்.

கேள்வி: அப்படியானால் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அச்சில் வார்த்த போலியின் விளிம்பில் இணைப்புக் கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். லென்ஸில் பார்த்தால் காற்றுக்குமிழி விட்ட நுண்குழிகள் தெரியும், எழுத்து மழுங்கியிருக்கும். நான் பெரிதாக நம்புவது இன்னொன்றை: இரண்டு காசுகளில் கீறலும் விளிம்பின் வடிவமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால், ஒன்றாவது போலி. ஒரே முத்திரையில் அடித்தாலும் இரண்டு காசுகள் அப்படி அமையாது. காந்தத்தில் ஒட்டாததால் மட்டும் அசல் என்று முடிவுகட்டாதீர்கள், பித்தளையும் ஒட்டாது.

கேள்வி: அரபு எழுத்துக் காசில் 725 என்று படிக்கிறேன். எந்தக் காலம்?

பதில்: அது இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியின் ஆண்டாகத்தான் இருக்கும். 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள்: கி.பி. 1325. டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக் பட்டத்துக்கு வந்த ஆண்டு. எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும் எண்கள் இடமிருந்து வலம்தான். பல காசுகளில் ஆண்டு எண்ணாக இல்லாமல் சொல்லாகவே இருக்கும், அதையும் தேடுங்கள்.

கேள்வி: எதில் போட்டு வைப்பது?

பதில்: பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசின் கசிந்து காசைக் கெடுக்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறையோ அமிலமில்லாத தாளுறையோ போதும். கூடவே எடை, விட்டம், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எழுதிய சீட்டு ஒன்றையும் வையுங்கள்.