பேரிடர்த் தகவல் தொழில்நுட்பம் படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடித்த தங்கள் மகள், பேரிடர்க் காலத் தகவல் மேலாண்மைதான் படிப்பேன் என்று உறுதியாக நிற்பதாகவும், அதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று தாங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தபோது இந்திய நேரம் காலை 6.28. நம் கடற்கரையை அலை எட்ட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதிர்வு சில நிமிடங்களிலேயே உலகெங்கும் கருவிகளில் பதிவாகியிருந்தும், அச்செய்தி மீனவக் குப்பங்களுக்கு வந்து சேர வழியில்லை. அதன் பிறகே, 2007இல், ஹைதராபாத்தில் கடல் நிலவரங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. எங்கே எவ்வளவு வலிமையுடன் அதிர்ந்தால் எந்தக் கரைக்கு எப்போது எவ்வளவு உயரத்தில் அலை வரும் என்பதை அங்கே முன்கூட்டியே கணித்துத் தரவுத்தளத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நிலம் அதிர்ந்ததும் அதற்கு மிக நெருங்கிய கணிப்பை எடுத்து, கடலடி அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் அனுப்பும் அளவுகளோடு ஒப்பிட்டு எச்சரிக்கை விடுக்கிறார்கள். அதே சுனாமிக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா மென்பொருள், பிற்பாடு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. தங்கள் மகள் கேட்பது இந்த வேலையைத்தான். அதை எளிதாக எண்ணிவிடாதீர்கள்.

ஆயினும், இளநிலையிலேயே பேரிடர் மேலாண்மை என்ற பெயருள்ள பட்டத்தில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இத்துறையின் அரசுப் பணிகளில் பல, திட்டக்கால ஒப்பந்தத்தில் வருபவை. ஒப்பந்தம் முடியும் நாளில் கைகொடுக்க அடிப்படைப் பட்டம் ஒன்று வேண்டும். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியின் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது நிலம் சார்ந்த தரவுகளைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் படிப்பு, என் முதல் தேர்வு. அது கிடைக்காவிட்டால் கணினி அறிவியல். முன்னதைப் படித்தவர்களுக்கு நகரமைப்பு, நீர்வளம், நில அளவை ஆகியவற்றிலும் வேலை உண்டு. முதுநிலையில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயக் கற்பிக்கும் டேராடூனின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனத்தையோ, மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் பேரிடர் ஆய்வுகளையோ நாடலாம்.

கலந்தாய்வுக்கு இன்னும் நாள் இருப்பதால், கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, தங்கள் ஊரின் ஏரிகளையும் வாய்க்கால்களையும், மழைநீர் தேங்கும் தெருக்களையும் வரைபடமாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேலையில் அவர் மனம் எவ்வளவு நேரம் ஒன்றியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.