அந்தத் தாத்தாவின் ஊர் எது?

கேள்வி: குடும்பத்தோடு ஆறு நாள் இலங்கை போய்வந்து, பண்பாடு, சாப்பாடு, கடற்கரை என்று மூன்று பகுதியாகப் பயணக் கட்டுரை எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டீர்கள். சிங்கப்பூர், துபாய் போனவர்கள் எழுதினால் போடுகிறீர்களே, இலங்கை என்ன பாவம் செய்தது?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இலங்கை ஒரு பாவமும் செய்யவில்லை. பதினான்கு பக்கத்தில் அந்த நாட்டை நான் தேடித் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வேன் வாடகையும் ஓட்டல் அறையும் ஐந்து பக்கம். போகிறவர்களுக்கு அது உபயோகப்படும், அதைக் குறை சொல்லவில்லை.

சாப்பாட்டுப் பகுதிக்கு வருவோம். "இடியாப்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் மாதிரி ஏதோ ஊற்றினார்கள், வாயில் வைக்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சொதி, அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர் நீங்கள் அதன் பெயரைக்கூடக் கேட்காமல் எழுந்து வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பந்தியே சொதிதான். தேங்காயை மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பும் காயும் பின்பாலில் வெந்ததும் முதல் பாலை ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் வைப்போம். அங்கே வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் போட்டு, இடியாப்பம் ஊறுகிற மாதிரி நீர்க்க வைக்கிறார்கள். பெயர் ஒன்று, தேங்காய்ப் பால் ஒன்று. நமக்கு விருந்து, அவர்களுக்குத் தினப்படி. இதை மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தால் அப்படியே அச்சுக்குக் கொடுத்திருப்பேன்.

யாழ்ப்பாணம் போக நாள் போதவில்லை என்கிறீர்கள், சரி. போயிருந்தால், பொங்கல் சமயத்தில் நாம் அவித்துத் தின்கிற அதே பனங்கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கி, மாவாக இடித்து, மீனும் நண்டும் போட்டுக் கூழ் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பாருங்கள்.

கடற்கரை வர்ணனை நன்றாகவே வந்திருக்கிறது. மிரிசாவின் நீலத்தை எழுதிய இடத்தில் நானும் நின்று படித்தேன். ஆனால் அதே கரையில் கொழும்புக்குத் திரும்பும்போது ஹிக்கடுவைக்குப் பக்கத்தில் பெரலியாவைக் கடந்திருப்பீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஒரு ரயிலையே புரட்டிப்போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன ஊர் அது. அன்று காலையில் நம் கரையிலும், குளச்சல் பக்கமெல்லாம், கடல் ஏறி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் கட்டுரையில் அந்த இடத்தில் இளநீர் விலை இருக்கிறது.

பண்பாடு என்ற பகுதியில் காலி என்ற ஊரின் கோட்டை மதிலைப் படம் எடுத்ததைச் சொல்கிறீர்கள். அந்தக் காலியில் 1911இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழியில் வெட்டியிருக்கிறார்கள். தமிழ்ப் பகுதி, மிரிசாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிற தெவிநுவரைக் கோயில் பெருமாளுக்குச் சீனப் பேரரசர் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. சீனாவிலிருந்து வருகிறவர் தமிழில் கல் வெட்டிக் கொண்டுவருகிறார் என்றால் அந்தக் கடலில் நம் பேச்சுக்கு என்ன இடம் இருந்திருக்க வேண்டும்! கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொழும்பில் ஒரு பகல் முழுக்கத் துணிக்கடையில் இருந்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பாலி மொழி நூல்களில் அந்தத் தீவுக்குத் தம்பபண்ணி என்று பெயர். நம் ஆறு தாமிரபரணி. ஆற்றங்கரையில் பிறந்தவருக்கு இது ஒரு வரியாவது தோன்றியிருக்க வேண்டாமா?

கடைசியாக, கட்டுரையை நான் தூக்கிப்போடாமல் உங்களுக்கே அனுப்பியதற்குக் காரணமான வரி. பதினோராம் பக்கம், நுவரெலியா. சாலையோரம் கொழுந்துக் கூடையோடு நின்ற ஓர் அம்மா, "திருநெல்வேலியா? எங்க தாத்தா அந்தப் பக்கம்தான்" என்றார் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தேயிலைப் பாக்கெட் விலைக்குப் போய்விட்டீர்கள். நம் சீமையிலிருந்து தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனவர்கள் எத்தனை குடும்பம்! தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், அவர்களைக் கேட்காமலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. அந்தப் பங்கில் அங்கேயே தங்கிவிட்ட ஒரு வீட்டுப் பேத்திதான் உங்களிடம் பேசியிருக்க வேண்டும்.

தாத்தாவுக்கு எந்த ஊர் என்று கேட்டீர்களா? அம்பாசமுத்திரமா, சங்கரன்கோவிலா? கேட்டிருந்தால், அவர் சொன்னதை அப்படியே எழுதி அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் அனுப்புங்கள். பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.